எண் பொருத்தம்

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரிக்குப் போய் வருவது ஒரு ஸ்கூட்டரில். ஆகவே, பழைய புல்லட் ஒன்றின் எண்களைப் பற்றி நான் எழுத முனைவது நண்பர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் கடந்த கோடை விடுமுறையில் கப்பலூர் தொழிற்பேட்டையில் கழிந்த சில பிற்பகல்கள், சுவடிப் பதிப்பு பற்றி வகுப்பறையில் நான் வழக்கமாகச் சொல்லிவரும் சிலவற்றை வேறு வெளிச்சத்தில் காட்டின. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டியது கப்பலூர். அங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையின் ஒரு ஓரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார் ஒருவர். பழைய புல்லட்களைப் பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவர். மறைந்த என் பெரியப்பாவின் வண்டி அவரிடம்தான் நின்றது. பெரியப்பா கரிசல் ஊர்களில் பருத்தி வாங்கி விற்றவர். 1968ஆம் ஆண்டு புல்லட் அது. மழை பெய்து மண் குழம்பிக் கிடக்கும் வண்டிப்பாதைகளில் அவர் அதை ஓட்டிக்கொண்டு வரும் சத்தம் அரை மைலுக்கு முன்பே வீட்டுக்குக் கேட்டுவிடும். அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, அதை விற்க நினைத்தார். மகளின் கல்லூரிக் கட்டணம் அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்தார். நல்ல விலை சொன்னார். பிறகு ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, குனிந்து, டார்ச் அடித்து இரண்டு இடங்களைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. சேஸிஸ் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, எஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை என்றார். விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

அவர் போன பிறகு பட்டறைக்காரர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்: "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்களேண்ணே. பஞ்ச் செட்டு இருக்கு, கிரைண்டர் இருக்கு. புக்குல என்ன நம்பர் இருக்கோ அத அடிச்சு விட்ருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

*

வண்டிக்கு எதற்காக இரண்டு எண்கள்? ஒன்று, வண்டியின் எலும்புக்கூடான சட்டத்தில் பொறிக்கப்படுவது. இதைத்தான் சேஸிஸ் எண் என்கிறோம். புல்லட் போன்ற வண்டிகளில் கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும். மற்றது எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க்கேஸில் பொறிக்கப்படுவது. சட்டம் எஃகு, கிராங்க்கேஸ் அலுமினிய வார்ப்பு. இரண்டும் ஆலையின் வெவ்வேறு மூலைகளில் பிறந்து ஓரிடத்தில் கூடுகின்றன. கூடிய நாளில் ஆலையின் எழுத்தர் இரண்டு எண்களையும் பேரேட்டின் ஒரே வரியில் எழுதிவைக்கிறார். அந்த வரிதான் வண்டியின் சாதகம்.

'எண் பொருத்தம்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வதை இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்று பலர் பொருள்கொள்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது ஆலைக்கு ஆலை மாறும் வழக்கம். இங்கிலாந்தின் மெரிடனில் ட்ரையம்ப் ஆலை எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் ஒரே எண்ணைப் பொறித்த காலம் உண்டு. பி.எஸ்.ஏ. நிறுவனமோ 1960களின் பிற்பகுதி வரை இரண்டுக்கும் வெவ்வேறு வரிசை எண்களையே தந்தது. அங்கே பொருத்தம் என்பது பேரேட்டின் வரியோடு பொருந்துவது மட்டுமே. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் 1970க்கு முன் சட்டத்தில் பதிவெண் பொறிக்கும் வழக்கமே இல்லை. எஞ்சின் எண்தான் வண்டியின் எண். அந்த வண்டியில் எண் பொருந்தவில்லை என்று ஒருவர் குறை சொன்னால், கேள்வியே தவறு. பத்துப் பொருத்தம் பார்க்கிறவர் முதலில் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்க வேண்டாமா?

ஆகவே வண்டியின் முன் குனிவதற்கு முன்பு, அந்த ஆலையின் வழக்கத்தை அறிய வேண்டியிருக்கிறது. ஒரு நூலின் பாடத்தைத் திருத்த முற்படுகிறவன் முதலில் அக்காலத்து எழுத்து வழக்கை அறிய வேண்டும் என்பது போலத்தான் இது.

*

பெரியப்பாவின் வண்டியின் வமிசாவளி சுவையானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 'புல்லட்' என்ற பெயரை 1932இல் அறிமுகப்படுத்தியது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அவ்வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. 1952இல் இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்களைக் கேட்டது. 1955இல் ரெட்டிச்சும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956இல் அங்கே வண்டிகள் வெளிவரத் தொடங்கியபோது, பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் கப்பலேறி வந்தன. இங்கே பூட்டப்பட்டன. அந்த ஆண்டின் இறுதிக்குள் இப்படி வெளிவந்தவை 163 வண்டிகள். பிறகு பாகங்களை இங்கேயே செய்வதற்கான கருவிகளும் வந்தன. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தியே நின்றது. தாய் மரம் பட்டுப்போக, திருவொற்றியூரில் நட்ட கிளை தழைத்தது. 1977இல் சென்னை புல்லட்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

ரெட்டிச்சிலிருந்து வெளியேறிய வண்டிகளின் பேரேடுகளை அங்குள்ள ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் சங்கம் பாதுகாக்கிறது. பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் போன்றவற்றின் ஏடுகள் 1946இல் தொடங்கிய பழைய மோட்டார் சைக்கிள் ஆர்வலர் சங்கத்தின் நூலகத்தில் உள்ளன. எண்ணை எழுதிக் கேட்டால், எந்தத் தேதியில் எந்த ஊர் வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வருகிறது. நிறுவனம் அழிந்த பிறகும் ஏட்டைக் காத்த அந்த ஆர்வலர்களை நினைக்கும்போது, ஊர் ஊராகச் சென்று சுவடி தேடிய உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. ஏடு இருந்தால்தான் பாடத்தை ஒப்பிட முடியும்.

*

எண்கள் பொருந்தாமல் போவதற்குக் காரணங்கள் பல. பட்டறையில் உட்கார்ந்து கேட்டதையும் படித்ததையும் சேர்த்து நான்காக வகுத்துக்கொண்டேன்.

முதலாவது, எழுதினவர் பிழை. பழைய ஆர்.சி. புத்தகங்கள் கையால் எழுதப்பட்டவை. எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்த 8ஐ 3 என்றோ, பி எழுத்தை 8 என்றோ ஒருவர் படித்து எழுதியிருந்தால், பின்னால் வரும் ஒவ்வொரு புத்தகமும் அந்தப் பிழையைச் சுமக்கும். பிற்காலத்தில் உலகம் முழுவதற்கும் வகுத்த 17 இலக்க வண்டி எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்க்கவே இல்லை. ஒன்றோடும் சுழியத்தோடும் அவை குழம்பும் என்பதே காரணம். ஏட்டுச் சுவடியில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாமல், புள்ளியும் இல்லாமல் நம் முன்னோர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

இரண்டாவது, நேர்மையான பழுதுபார்ப்பு. எஞ்சின் உடையும், வேறு எஞ்சின் ஏறும். போர்க்கால ராணுவப் பட்டறைகளில் இது அன்றாட வேலை. பழுதான எஞ்சினைக் கழற்றி, தயாராக இருக்கும் இன்னொன்றை ஏற்றி அனுப்புவார்கள். எந்தச் சட்டத்தில் எந்த எஞ்சின் இருந்தது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? போர் முடிந்து ஏலத்துக்கு வந்த வண்டிகள் பலவும் இப்படிப்பட்டவை. டெல்லியில் அத்தகைய ஹார்லி வண்டிகளின் பின்பகுதியை நீட்டி, பலர் உட்காரும் 'பட்பட்டி' ஆக்கினார்கள். காலப்போக்கில் அவற்றின் எஞ்சின்களும் மாறி டீசல் எஞ்சின்கள் ஏறின. நம் பக்கத்திலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வேறுபாடு பெரிதாக இருந்த நாள்களில் புல்லட் சட்டத்தில் டீசல் எஞ்சினைப் பூட்டி ஓட்டியவர்கள் உண்டு.

மூன்றாவது, கலவை. நான்கு வண்டிகளின் உதிரிகளிலிருந்து ஐந்தாவதாக ஒன்றை எழுப்புவது. பழைய இரும்புக்கடையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நான்காவது, திருட்டும் புரட்டும். திருடிய எஞ்சினின் எண்ணைத் தேய்த்துவிட்டு, கையில் இருக்கும் புத்தகத்தின் எண்ணை அதில் பொறிப்பது. இதை இடைச்செருகல் என்று சொல்லலாம். விசித்திரம் என்னவென்றால், முதல் மூன்று வகையிலும் எண்கள் பொருந்தாமல் நிற்கும். நான்காவது வகையில்தான் எண்கள் மிக அழகாகப் பொருந்தும்.

*

புரட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? பட்டறைக்காரரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். செய்யத் தெரிந்தவருக்குத்தானே கண்டுபிடிக்கவும் தெரியும்.

முதலில் தளத்தைப் பார்க்க வேண்டும். அலுமினிய வார்ப்புக்கு ஒரு சொரசொரப்பு உண்டு. எண் இருக்கும் இடம் மட்டும் வழவழப்பாகவோ, சுற்றுப்புறத்தைவிடச் சற்றே பள்ளமாகவோ, அரத்தின் கீறலோடோ இருந்தால் ஐயப்பட வேண்டும். அடுத்து எழுத்தின் வடிவம். ஆலையின் பஞ்ச்சுக்கு ஒரு முகம் உண்டு. அதன் 4 திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், அதன் 1க்குக் கொம்பு இருக்கும் அல்லது இருக்காது. ஆலையில் கையால் அடித்த எண்கள் சற்றே முன்பின்னாக நிற்பது இயல்பு. அளவுகோல் வைத்தது போல் நிற்பது சில நேரம் நல்ல அறிகுறி ஆகாது. 1969 முதல் ட்ரையம்ப் ஆலை எண் பொறிக்கும் இடத்தில் தன் முத்திரையைச் சிறுசிறு உருவாக நிரப்பி, அதன் மேல் எண்ணை அடித்தது. எண்ணைத் தேய்த்தால் முத்திரைகளும் போய்விடும், திருடன் பிடிபடுவான்.

அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கிராங்க்கேஸ் இரண்டு பாதிகளால் ஆனது. இரண்டையும் சேர்த்து வைத்துக் கடைந்து எடுப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றே துணை. பல பிரிட்டிஷ் ஆலைகள் இரு பாதியின் அடியிலும் ஒரே சிறு எண்ணைப் பொறித்தன. மேலே உள்ள பெரிய எண் சரியாக இருந்தும் அடியில் உள்ள சிறு எண்கள் மாறியிருந்தால், எஞ்சினே இரண்டு எஞ்சின்களின் ஒட்டு.

இதற்கெல்லாம் பிறகு படியெடுக்கிறார்கள். எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்க, எண் தாளில் எழுகிறது. பதிவு அலுவலகமும் காப்பீட்டுக்காரரும் கேட்பது இந்தப் படியைத்தான். கல்வெட்டின் மேல் ஈரத்தாளை அடித்து மை ஒற்றி எடுக்கும் மைப்படியின் தம்பி என்று அதைச் சொல்லத் தோன்றியது.

எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைத்தது ஒன்று உண்டு. பஞ்ச் இறங்கும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தோடு அடி நின்றுவிடுவதில்லை. அதற்குக் கீழும் உலோகத்தின் மணிகள் நசுங்குகின்றன. எண்ணைத் தேய்த்து எடுத்த பிறகும் அந்த நசுக்கம் அடியில் கிடக்கிறது. தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை மெருகேற்றித் தகுந்த கரைசலைத் தடவுகிறார்கள். எஃகுக்கு அமிலத்தில் கரைத்த குப்ரிக் குளோரைடு, அலுமினியத்துக்கு வேறு கரைசல்கள். நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு விதமாக அரிக்கப்படுவதால், அழித்த எண் மங்கலாக மேலெழுந்து வருகிறது. மிக ஆழமாகத் தேய்த்திருந்தால் வராது. ஆனால் பல நேரங்களில் வருகிறது. அழித்தவன் மேலே எழுதிய பொய்யும் அடியில் கிடந்த உண்மையும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

*

பெரியப்பாவின் ஆர்.சி. புத்தகத்தை மறுநாள் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். 1990களில் ஒரு திருத்தம்: முதல் எஞ்சின் எண் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, டீசல் எஞ்சின் ஒன்றின் எண் எழுதப்பட்டிருந்தது, முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. அண்ணனுக்கு நினைவு வந்தது. சில ஆண்டுகள் டீசலில் ஓட்டிவிட்டு, அதன் அதிர்வும் புகையும் பிடிக்காமல், மறுபடியும் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பெரியப்பா எங்கோ வாங்கிப் பூட்டினாராம். அதைப் புத்தகத்தில் ஏற்றவில்லை. முதல் எஞ்சின் எங்கே போயிற்று என்று தெரியாது. ஆக ஒரு சட்டம், மூன்று எஞ்சின்கள், இரண்டு பதிவுகள்.

எஞ்சினை மாற்றினால் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. தெரிவிக்காமல் விட்டது பெரியப்பாவின் தவறு. 2021 ஜூலையில் மத்திய அரசு 50 ஆண்டைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதியத் தனி விதிகளை வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சேகரிப்பாளர்களிடையே எண் பொருத்தத்துக்கு இருந்த மதிப்பு இதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. மதிப்பு கூடும் இடத்தில் பஞ்ச் செட்டுக்கும் வேலை கூடும்.

பட்டறைக்காரர் சொன்னபடி செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மூன்றாம் எஞ்சினின் எண் மறைந்திருக்கும். அதன் இடத்தில் முதல் எஞ்சினின் எண் நின்றிருக்கும். பெரியப்பாவின் டீசல் ஆண்டுகள் வண்டியின் உடம்பிலிருந்து போயிருக்கும். அது எங்கள் வீட்டுக் கதை, போனால் போகட்டும். ஆனால் அந்த மூன்றாம் எஞ்சின் யாருடையது? இரும்புக்கடைக்கு நேர்வழியில் வந்திருக்கலாம். எங்கோ ஒருவர் வீட்டு வாசலிலிருந்து களவு போயிருக்கவும் கூடும். அப்படியானால் அந்த மனிதருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த எண்தான். அதை அழிக்க எங்களுக்கு என்ன உரிமை? அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். "ஃபீஸ் கட்டணுமேடா" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை.

வகுப்பில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதுப்பித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவரை இடிப்பதற்கு முன் அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துவைக்க ஏற்பாடாயிற்று. திருப்பணி முடிந்தபின், ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதிய சுவரில் அவை மீண்டும் வெட்டப்பட்டன. இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அந்தச் செய்தியையும் சேர்த்துக் கல்லில் வெட்டிவைத்தார்கள் என்பதால்தான். இவை பழைய சுவரில் இருந்தவை, இடித்தோம், எழுதிவைத்தோம், மறுபடி வெட்டினோம் என்று சுவரே சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஆய்வாளர் ஒருவரும் அதைப் புரட்டு என்று சொல்லவில்லை. எண்ணை மறுபடி பொறிப்பதில் குற்றமில்லை. துருப்பிடித்து மறைந்த சேஸிஸ் எண்ணை உரிய அனுமதியோடு மீண்டும் பொறிக்கிறார்கள், அது பதிவிலும் ஏறுகிறது. மறுபடி பொறித்ததை மறைப்பதுதான் குற்றம்.

இறுதியில் அண்ணனே முடிவெடுத்தார். மூன்றாம் எஞ்சினின் எண்ணைப் பென்சிலில் படியெடுத்து, அது களவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். பதிவு அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, தாமதத்துக்குரிய அபராதத்தைக் கட்ட ஒப்புக்கொண்டு மனுக் கொடுத்தோம். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கட்டணத்துக்கு அண்ணியின் வளையல் அடகுக்குப் போயிற்று. அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு திருத்திய பாடமாகிவிடும்.

வண்டி கப்பலூரில்தான் நிற்கிறது. பட்டறைக்காரருக்கு எங்கள் மேல் சிறிது வருத்தம், கொஞ்சம் பரிவும் உண்டு என்று நினைக்கிறேன். போன வாரம் போயிருந்தபோது கிராங்க்கேஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த நம்பர யாரும் தொட்டதே இல்ல. கம்பெனில அடிச்சபடியே இருக்கு."

குனிந்து பார்த்தேன். இலக்கங்கள் சற்றே முன்பின்னாக, சுற்றியுள்ள வார்ப்பின் சொரசொரப்பு கெடாமல் நின்றன. எந்தப் புத்தகத்தோடும் பொருந்தாத, ஆனால் யாரும் கைவைக்காத ஓர் எண்.